வாசலும் நாற்காலியும்

வசிட்ட நதிக் கரையிலே ஒரு கோட்டை. கெட்டி முதலிகளின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கோட்டை. ஆத்தூர்ப் பிள்ளைகளைக் கேளுங்கள். கட்டியவர் பெயர் சொல்வர், கைப்பற்றியவர் பெயர் சொல்வர், கும்பினிப் படை வந்த கதை சொல்வர். ஆனால் அந்தக் கோட்டையில் இருந்தவர்கள் அரிசி வாங்கிய கடை எங்கே இருந்தது? அந்தக் கடை வாசலில் யார் ஏறலாம், யார் எட்டி நிற்கவேண்டும்? கேட்டால் பிள்ளைகள் விழிக்கின்றனர். அவர்கள் மீது குற்றமில்லை. பாடநூலிலே அரண்மனைக்கு அத்தியாயம் உண்டு, ஆலயத்துக்கு அத்தியாயம் உண்டு, அங்காடிக்கு இல்லை.

அரசனைப் பார்க்காமலே வாழ்ந்து மடிந்தவர் கோடி. ஆண்டவனைப் பார்க்க அனுமதி மறுக்கப்பட்டு மடிந்தவரும் கோடி. கடைக்குப் போகாமல் வாழ்ந்தவர் எவர்? உப்பு வேண்டும், உடுக்கத் துணி வேண்டும், விளக்குக்கு எண்ணெய் வேண்டும். மனிதன் மனிதனை நாள்தோறும் சந்திக்கும் இடம் அங்காடி. ஒரு சமுதாயம் யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது, யாரை உட்கார வைக்கிறது, யாரை நிற்கவைத்தே வாட்டுகிறது என்பதைக் கல்வெட்டைவிடத் தெளிவாகக் காட்டும் இடமும் அதுவே. ஆகவே இம்முறை நாம் கோட்டையை விட்டுக் கடைக்கு வருகிறோம். சென்னையின் நடுவே, அண்ணாவின் பெயர் தாங்கிய சாலையிலே, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பெயரில் இருந்துவரும் பேரங்காடி ஒன்றின் கதையைப் பார்ப்போம். ஸ்பென்சர் என்பது அதன் பெயர்.

அதற்கு முன் பழந்தமிழரின் அங்காடியை எட்டிப் பார்த்துவிட்டு வருவது நல்லது. பூம்புகாரின் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே மரத்தோப்பிலே நாளங்காடி நடந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. மதுரையின் பகற்கடைகளையும் இரவுக்கடைகளையும், நாளங்காடி அல்லங்காடி எனப் பிரித்து, மதுரைக் காஞ்சி விரித்துரைக்கிறது. மரநிழலே கூரை, கொடியே பெயர்ப்பலகை. கதவு என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. அன்று அனைத்தும் பொன்னாக இருந்தது என்று கூற நாம் வரவில்லை. அன்றும் ஆண்டானும் அடிமையும் உண்டு. எனினும் கதவில்லாத அங்காடிக்கு உரியவர் நாம் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வோம். ஏனெனில் இனி வரப்போவது கதவுகளின் கதை.

1863. சென்னை மவுண்ட் சாலை. சார்லஸ் டூரண்ட் என்னும் ஆங்கிலேயர் ஒரு கடை திறக்கிறார். ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் கூட்டாளியாகிறார். டூரண்ட் பெயர் மறைந்தது. ஸ்பென்சர் பெயர் நின்றது. 1882-இல் அந்தக் கடையை யூஜின் ஓக்ஷாட் வாங்கினார். பெயரை மாற்றவில்லை, அளவை மாற்றினார். 1895-இல், போக்சன் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த வடிவிலே, இந்தோ-சரசனிய பாணியில், செங்கல் மாளிகை ஒன்று எழுந்தது. கோபுரம், வளைவு, தோரணம் அனைத்தும் உண்டு. சாமி மட்டும் இல்லை. உள்ளே 80க்கும் மேற்பட்ட பிரிவுகள். ஒரே கூரையின் கீழ் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அனைத்தும் கிடைக்கும் கடை இந்தத் துணைக்கண்டத்துக்கு அப்போது புதியது.

என்னென்ன விற்றார்கள்? சீமையிலிருந்து கப்பலில் வந்த தகர டப்பா உணவு, மதுவகை, தொப்பி, காலணி, மேசைச் சாமான். சீமைச் சரக்கு மட்டுமா? நம் திண்டுக்கல் புகையிலை, ஸ்பென்சர் சுருட்டாகி உலகெங்கும் போயிற்று. உழுதவன் தமிழன், உலர்த்தியவன் தமிழன், உருட்டியவன் தமிழன். சுருட்டின் மேலே சுற்றிய வளையத்தில் மட்டும் ஆங்கிலப் பெயர்! சோடா தயாரித்தார்கள். ரயில் நிலையங்களில் சிற்றுண்டிச் சாலை நடத்தினார்கள். ஓக்ஷாட் 1891-இலேயே பக்கத்துக் கன்னிமாரா ஓட்டலை வாங்கியிருந்தார். துரைமார் இறங்குவதும் அங்கே, உண்பதும் அங்கே, வாங்குவதும் இங்கே. கறுப்பு மண்ணில் ஒரு துண்டு இங்கிலாந்து என்றே அந்தச் சாலையைச் சொல்லலாம்.

வாசலிலே ‘இந்தியர் வரக்கூடாது’ என்று பலகை தொங்கவேண்டிய தேவையே இல்லை. சமீன்தாரும் சமஸ்தான மன்னரும் வந்தனர், வரவேற்கப்பட்டனர். ஏழை வரவில்லை. விலை தடுத்தது, மொழி தடுத்தது, வாசற் காவலனின் தலைப்பாகை தடுத்தது. தடுக்கவேண்டிய மனிதனின் உள்ளத்துக்குள்ளேயே தடையை வைத்துவிட்டால் வாசலில் எதற்குப் பூட்டு? நம் நாட்டுச் சாதிக்கு இந்த வித்தை வெள்ளைக்காரன் வருவதற்கு வெகு காலம் முன்பே தெரியும்.

வெளிப்படையாகவே தடுத்த இடமும் அருகில் உண்டு. 1832-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிளப், மவுண்ட் சாலையை ஒட்டிய பெருந்தோட்டத்திலே, தூண்கள் நிறைந்த மாளிகையிலே இயங்கியது. அந்த மாளிகையில் இருந்தவரை இந்தியர் எவரும் அதன் உறுப்பினராக முடியவில்லை. சர் பட்டம் பெற்றவரும் நீதிபதி நாற்காலியில் அமர்ந்தவரும்கூட முடியவில்லை. வெள்ளையரோடு வேறுபாடின்றி உட்கார 1873-இல் காஸ்மாபாலிட்டன் கிளப் என்று தனியாக ஒன்று வேண்டியிருந்தது. ஊரிலே தம்மினும் தாழ்ந்தவர் என்று தாம் கருதியவரைத் தெருவிலே விடாத கனவான்கள் பலர், நகரிலே கிளப்பின் வாசலில் நிறுத்தப்பட்டபோது பதைத்தனர். பதைப்பு நியாயமானதுதான். அது ஊர் திரும்பும்போது ரயிலிலேயே தங்கிவிட்டது என்பதுதான் வருந்தத்தக்கது! இந்தக் கிளப் இருந்த மண்ணுக்கு மீண்டும் வருவோம்.

ஸ்பென்சர் மாளிகை எழுந்த சில ஆண்டுகளிலேயே, அதே இந்தோ-சரசனிய பாணியில், நகரின் மறுபக்கத்திலே மற்றோர் அங்காடி எழுந்தது. ஆங்கிலேயர் தம் வரைபடத்தில் ‘கறுப்பர் நகரம்’ என்றே எழுதிவைத்திருந்த பகுதியின் பிராட்வேயிலே, பாழடைந்த பழைய சந்தை ஒன்று இருந்தது. அங்கிருந்த வணிகர்களுக்கு ஒழுங்கான இடம் தர நகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் முடிவு செய்தார். 1898 ஆகஸ்டில் அவரே அடிக்கல் நாட்டினார். வரைந்தவர் எல்லிஸ், கட்டியவர் ஏ. சுப்பிரமணிய ஐயர். 1900 நவம்பரில் ஆளுநர் ஹாவ்லக் திறந்துவைத்தார். சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்திலே, நடுவில் முற்றம் விட்டு நாற்புறமும் கடைகள் சூழ்ந்த அந்தச் செங்கல் கட்டடம்தான் மூர் மார்க்கெட்.

இரண்டும் செங்கல், இரண்டும் வளைவு, இரண்டும் ஒரே தலைமுறையின் படைப்பு. ஆயினும் எவ்வளவு வேற்றுமை! அங்கே விலை எழுதியிருக்கும். இங்கே விலை பேசப்படும். அங்கே சரக்கு சீமைப் புதியது, இங்கே பழையது. அங்கே காலணியின் ஓசை கேட்கும். இங்கே கிளிக்கூண்டின் ஓசை, பேரத்தின் ஓசை, தேநீர்க் குவளையின் ஓசை. மூர் மார்க்கெட்டிலே வளர்ப்புப் பறவை விற்றது, பழைய இசைத்தட்டு விற்றது, பாத்திரம் விற்றது, பொம்மை விற்றது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய புத்தகம் விற்றது.

அந்தப் புத்தகக் கடைகளைப் பற்றி நம்மைவிட மூத்த தலைமுறையினர் பேசும்போது அவர்கள் குரலே மாறுகிறது. மவுண்ட் சாலையில் 1844-இலிருந்து ஹிக்கின்பாதம்ஸ் இருந்தது; கண்ணாடிக்குள் புத்தகம் இருந்தது. மாதச் சம்பளத்தில் அரிசியும் வாடகையும் போக மிஞ்சுவதைக் கொண்டு அந்தக் கண்ணாடியைப் பார்க்க முடியும், திறக்க முடியாது. மூர் மார்க்கெட்டின் தாழ்வாரத்திலோ, தரையில் குவிந்த அட்டை கிழிந்த நூல்களுக்கிடையே, இங்கர்சாலும் கிடைப்பான், பெர்னார்ட் ஷாவும் கிடைப்பான், சட்டக் கல்லூரிப் பாடநூலும் கிடைக்கும். முழு விலைக்கு வாங்கிய பணக்கார மாணவன் படிக்காமல் விற்றதை, கால் விலைக்கு வாங்கிய ஏழை மாணவன் படித்துத் தேறினான். கடைக்காரர்களில் சிலருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. ஆயினும் எந்தப் பேராசிரியருக்கு எந்த நூல் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். கல்விக்கூடம் என்று பெயர்ப்பலகை இல்லாத கல்விக்கூடம் அது.

வெள்ளையர் ஆட்சி போயிற்று. அவர்கள் மாளிகைகள் போகவில்லை. மவுண்ட் சாலை பின்னாளில் அண்ணா சாலை ஆயிற்று. ஸ்பென்சர் நிறுவனம் இந்தியர் கைக்கு வந்தது. கடை மட்டும் கொஞ்சம் தூசி படிந்த பெருமையோடு இருந்துவந்தது. பிறகு வந்தது நெருப்பு.

1983-இல் ஸ்பென்சர் மாளிகை எரிந்தது. ஓக்ஷாட்டின் கோபுரம் கரியாயிற்று. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1985 மே 30 அன்று, மூர் மார்க்கெட்டும் எரிந்தது. ஒரே நகரம், ஒரே காலம், ஒரே பாணிக் கட்டடங்கள், ஒரே முடிவு. தீக்குச் சாதி இல்லை, வர்க்கம் இல்லை; துரையின் கடையையும் தெருவோரன் கடையையும் அது ஒன்றாகவே கருதிற்று. வேற்றுமை தீ அணைந்த பின்னரே தொடங்கியது.

மவுண்ட் சாலைச் சாம்பலின்மேல் என்ன எழுந்தது? சுமார் 10 ஏக்கர் மனையிலே, கட்டம் கட்டமாக, 1990களின் தொடக்கத்திலே ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. சென்னை அதுவரை காணாத காட்சி. கோடையிலும் குளிரும் கூடம், நடுவில் வானளாவிய வெளி, நகரும் படிக்கட்டு, அடுக்கடுக்காகக் கடை. காசுமீரக் கைவினைக் கடை, இசைக் கடை, பரந்து விரிந்த புத்தகக் கடை எல்லாம் ஒரே கூரையின்கீழ் வந்தன. இந்தியாவின் முதல் பேரங்காடி வளாகம் என்றே பலரும் அதைக் குறிப்பிடுகின்றனர். எரிந்தது பழம்பெருமை, எழுந்தது புதுச் செல்வம்.

பூங்கா நகரச் சாம்பலின்மேல் என்ன எழுந்தது? மூர் மார்க்கெட் எழவில்லை. ரயில்வேயின் புறநகர் நிலையக் கட்டடம் எழுந்தது. அதன் பெயர் மூர் மார்க்கெட் வளாகம்! மார்க்கெட் போயிற்று, பெயர் மட்டும் பயணச்சீட்டில் தங்கிற்று. பழைய கட்டடத்தின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து நிலையத்தின் முன்னே வைத்திருக்கின்றனர். உயிரோடு இருந்தவனை வெளியேற்றிவிட்டுச் சிலை வைப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. கடைக்காரர்கள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு அனுப்பப்பட்டனர். பழம்புத்தக வணிகர் சிலர் இன்றும் அங்கே உள்ளனர். தாழ்வாரத்துக் கூட்டம் இல்லை. அரக்கோணத்திலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் நாள்தோறும் வேலைக்கு வரும் பல்லாயிரம் பேருக்கு அந்த ரயில் நிலையம் தேவை. அதை நாம் குறை கூறோம். தேவை இரண்டு இருக்கும்போது எந்தத் தேவைக்கு மனை கிடைக்கிறது, எந்தத் தேவைக்கு மாதிரிப் பொம்மை கிடைக்கிறது என்பதையே சுட்டுகிறோம்.

இந்த இடத்திலே நம் தோழர்களில் சிலர் அவசரப்படுவர். “பார்த்தீர்களா, பேரங்காடி என்றாலே பணக்காரன் சதி!” என்பர். அப்படி ஒரே வீச்சில் தீர்ப்பு எழுத நாம் இசையோம். ஸ்பென்சர் பிளாசாவிலே நடந்த ஒரு மாற்றத்தை மறைத்தால் நாம் வரலாறு எழுதியவர் ஆகமாட்டோம்.

வாசல் திறந்தது! நூறாண்டு முன்பு துரைமார் வண்டி நின்ற அதே இடத்திலே, சேலம் பேருந்தில் வந்திறங்கிய இளைஞன், கையில் பத்து ரூபாயோடு நுழைந்தான். எந்த ஊர் என்று கேட்கவில்லை. என்ன சாதி என்று கேட்கவில்லை. அப்பன் பெயர் கேட்கவில்லை. வாங்காமலே நான்கு மணி நேரம் குளிர்ந்த காற்றில் உலவினான், நகரும் படிக்கட்டில் மூன்று முறை ஏறி இறங்கினான், வெளியே வந்தான். சிரிக்கவேண்டாம். ஊர்த் தேநீர்க் கடையிலே தனிக் குவளையில் குடித்து, தானே கழுவி வைக்கவேண்டியிருந்த ஒருவனுக்கு, யாரும் கேள்வி கேட்காத நான்கு மணி நேரம் என்பது சிறிய செய்தியல்ல. பணம் கொடிய எசமானன். ஆயினும் அதற்கு முகம் பார்த்துச் சாதி அறியத் தெரியாது. சட்டைப் பையை மட்டுமே பார்க்கத் தெரியும்.

இந்த வாசல் தானாகத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சென்னையின் மற்றொரு பெரும் கடைவீதியைப் பாருங்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பெயரில் அமைந்த நகர். அதற்குள் பாண்டி பஜார். பாண்டிச்சேரிக்கும் அதற்கும் தொடர்பு உண்டோ என்று எண்ணுவோர் பலர். அதன் பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. 1929-இல் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார்தான் அவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது, ஆதித்திராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று ஆணையிட்டவர். பேருந்தின் படியைத் திறந்தவர் பெயரைத் தாங்கிய கடைவீதி! நாம் அதைச் சுருக்கிச் சுருக்கி, ஆளே தெரியாதபடி ஆக்கிவிட்டோம். அந்த வீதியின் நடைபாதை வணிகர்கள் 2013-இல் மாடிக் கட்டடத்துக்குள் மாற்றப்பட்டனர். 2019-இல் வீதி அகன்ற நடைபாதையோடு பொலிவு பெற்றது. நடப்பவர்க்கு நன்மை. மாடியேறி வந்து யார் வாங்குவர் என்ற கேள்வி விற்பவர்க்கு.

புதுமைக்கும் மூப்பு உண்டு. 2006-இல் மயிலாப்பூர்ப் பக்கம் சிட்டி சென்டர் வந்தது; 2010-இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தது; 2013-இல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் வந்தது. கூட்டம் அங்கே நகர்ந்தது. ஸ்பென்சர் பிளாசாவின் கடைகளோ தனித்தனியாகப் பலருக்கு விற்கப்பட்டிருந்தன. உரிமையாளர் பலர் என்றால் ஒரு விளக்கை மாற்றவும் ஊர்க்கூட்டம் வேண்டும். புதிய வளாகங்களில் உரிமை ஒருவர் கையில். வாடகைக்கு விட்டு விருப்பம்போல் மாற்றியமைப்பர். இங்கே அது இயலவில்லை. கதவு சாத்திய கடைகள் பெருகின. துரையின் கடை எரிந்து அழிந்தது. அதன் வாரிசு வாடி மெலிந்தது.

அந்த எக்ஸ்பிரஸ் அவென்யூ நிற்கும் மண் எது தெரியுமா? மெட்ராஸ் கிளப் இருந்த மண்! 1940களின் பிற்பகுதியிலே கிளப்பின் தோட்டத்தையும் மாளிகையையும் ராம்நாத் கோயங்கா வாங்கினார். அங்கிருந்து இந்தியன் எக்ஸ்பிரஸ் ஏடு வெளிவந்தது. பின்னர் மாளிகை இடிக்கப்பட்டுப் பேரங்காடி எழுந்தது. சர் பட்டக்காரர் நுழையமுடியாத இடத்திலே, ஞாயிறு மாலையில், கூலித் தொழிலாளி தன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு விளக்கு பார்க்கப் போகிறான். தூணும் மாடமும் போயிற்றே என்று கட்டடக் கலை அறிஞர்கள் வருந்தினர். வருத்தம் நேர்மையானது, வைத்துக் காத்திருக்கலாம் என்பதே நம் எண்ணமும். எனினும் அந்தக் குழந்தையின் சிரிப்பை நாம் இழப்புக் கணக்கில் எழுதமாட்டோம்.

வாசலைப் பற்றி இவ்வளவு போதும். உள்ளே நிற்பவரைப் பார்ப்போம்.

டிரைபஸ் வழக்கிலே நீதிக்காக எழுதுகோல் ஏந்திய எமிலி ஜோலா, 1883-இலே ஒரு நாவல் எழுதினார். பாரிசில் புதிதாக முளைத்த பேரங்காடி ஒன்றில் விற்பனைப் பெண்ணாகச் சேரும் ஓர் ஏழைப் பெண்ணே அதன் நாயகி. மின்னும் பட்டுக்கும் மெலிந்த காலுக்கும் இடையே உள்ள தொடர்பை அவர் அன்றே கண்டார். இங்கிலாந்திலே, 1899-இலே, கடைப் பெண்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்தது. மூன்று பெண்களுக்கு ஒரு நாற்காலியாவது இருக்கவேண்டும் என்றது அந்தச் சட்டம். 1899! மூர் மார்க்கெட்டின் சுவர் எழுந்துகொண்டிருந்த ஆண்டு. ஸ்பென்சரின் செங்கல் மாளிகைக்கு வயது நான்கு. சீமையிலிருந்து சுருட்டுப் பெட்டியும் சோப்புக் கட்டியும் கப்பலில் வந்தன; அந்தச் சட்டம் மட்டும் கப்பல் ஏறவில்லை.

நாமும் விரைந்துவிடவில்லை. 1947-இலே சென்னை மாகாணத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வந்தது. ஆலய நுழைவுச் சட்டம் வந்ததும் அதே ஆண்டு. வேலை நேரம், விடுமுறை ஆகியவற்றை வரையறுத்த கடைச் சட்டத்திலே நாற்காலிக்கு இடமில்லை. ஆண்டுகள் உருண்டன. துணிக்கடைகள் ஆறு மாடி, ஏழு மாடி என வளர்ந்தன. ஒவ்வொரு மாடியிலும் வாடிக்கையாளருக்கு மெத்தை இருக்கை; சேலையை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு நிற்கத் தரை. காலை பத்து மணிக்கு நின்ற கால் இரவு பத்து மணிக்கே மடங்கும். சுவரில் சாய்ந்தாலும் மேற்பார்வையாளர் கண் சிவக்கும். 2010-இல் வசந்தபாலன் எடுத்த ‘அங்காடித் தெரு’ என்னும் படம் இந்த வாழ்வைத் திரையில் காட்டியபோது நாடு ஒருமுறை கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தீபாவளிக்குத் துணி எடுக்கப் போயிற்று.

கேரளத்திலே கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரண்டனர். உட்காரும் உரிமை கேட்டனர். ஆண்டுக்கணக்கில் போராடினர். 2018-இல் அங்கே சட்டம் திருந்தியது. தமிழ்நாட்டிலே 2021 செப்டம்பரில், 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாற்றும் அனைவருக்கும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அமர இருக்கை அமைக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஆண்களுக்கும் சேர்த்தே இந்த உரிமை என்பது இதன் சிறப்பு. இங்கிலாந்துக்குப் பின் 122 ஆண்டுகள்! வாங்குபவருக்கு வாசல் திறந்தபோது வாணவேடிக்கை நடந்தது. விற்பவருக்கு நாற்காலி வந்தபோது செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரி.

அந்த நான்கு வரியாவது கடைக்குள் போயிற்றா? கடந்த ஆடி மாதத்தில் நாம் சேலத்தில் ஏறி இறங்கிய துணிக்கடைகள் சிலவற்றிலே முக்காலி கண்டோம். ஒரு கடையில் முக்காலி இருந்தது. அதன்மீது அட்டைப் பெட்டி உட்கார்ந்திருந்தது. “இது உனக்குத்தானே அம்மா?” என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டோம். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “வேற கலர் காட்டட்டுங்களா?” என்றாள்.

நம் ஊர்களும் இடிந்து எழுந்துகொண்டிருக்கும் காலம் இது. சேலம் பழைய பேருந்து நிலையத்தை இடித்து, கடைகளோடு கூடிய ஈரடுக்கு நிலையமாகக் கட்டி, 2023-இல் திறந்தனர். நகராட்சிச் சந்தைகள், தினசரி அங்காடிகள், நகரந்தோறும் புதுக் கட்டடம் பெறுகின்றன. ஒழுகும் கூரை போகட்டும், சாக்கடை மூடப்படட்டும், பெண்களுக்குக் கழிப்பறை வரட்டும். இதை எதிர்ப்பவன் பகுத்தறிவாளன் அல்லன். ஆனால் திட்ட வரைபடத்திலே கடை எண் உண்டு, வாகன நிறுத்துமிடம் உண்டு. தரையில் சாக்கு விரித்துக் கீரை விற்றவளுக்கு ஒரு கோடு உண்டா? கடை ஏலத்தில் முன்பணம் கட்ட அவளால் இயலுமா? பேருந்து நிலையத்துக் கடைக்கு ஏலம் கேட்பவர் பெயர்களைப் படித்துப் பாருங்கள்; கூடை சுமந்தவர் பெயர் அதில் இராது. மூர் மார்க்கெட் கதை சென்னையோடு முடிந்துவிடவில்லை. அது மாவட்டந்தோறும் மறுபதிப்பு ஆகிறது.

இதற்கும் சட்டம் உண்டு. 2014-இல் நாடாளுமன்றம் இயற்றிய தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டம். ஒவ்வோர் ஊரிலும் விற்பனைக் குழு அமையவேண்டும். அதன் உறுப்பினரில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் தெருவோர வணிகர்களே தேர்ந்தெடுக்கும் தெருவோர வணிகராக இருக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 50 ஆண்டுகளுக்கு மேலாக வணிகர்கள் கூடி விற்றுவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்கவேண்டும், அங்குள்ளோரை அப்புறப்படுத்தக்கூடாது. 1985-இலே இப்படியொரு வரி இருந்திருந்தால் பூங்கா நகரத்துப் புத்தகக் கடைக்காரர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். நமக்கு இருக்கிறது. எத்தனை பேர் படித்தோம்?

படிப்பகத்துத் தோழர்கள் சிலரும் நாமும் சேர்ந்து அந்தப் பிரிவுகளை எளிய தமிழில் எழுதி, படி எடுத்து, தலைவாசல் காய்கறிச் சந்தைக்கும் ஆத்தூர்ப் பேருந்து நிலையத்து நடைபாதைக்கும் கொண்டுபோகத் தொடங்கியுள்ளோம். கொத்தமல்லிக் கட்டுகளுக்குப் பின்னே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, “அம்பது வருசமா இங்கதான் ஒக்காந்திருக்கோம்னு எதக் கண்ணு காட்டுறது? எங்க மாமியா ஒக்காந்த எடம் இது. அவ போயே இருவது வருசமாச்சு” என்றார்.

அரசனுக்குக் கல்வெட்டு இருக்கிறது. ஓக்ஷாட்டுக்குக் கணக்குப் புத்தகம் இருந்தது. கொத்தமல்லிக் கூடைக்கு என்ன சான்று? யோசித்துப் பார்த்ததில் ஒன்று புலப்பட்டது. சந்தையில் உட்காரும் ஒவ்வொருவரிடமும் நாள்தோறும் சுங்கம் தண்டி, ஒரு சிறு சீட்டைக் கிழித்துத் தருவது வழக்கம். பெரும்பாலோர் அதை அன்றே எறிந்துவிடுவர்; சிலர் முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோய், அரிசிப் பானைக்குள்ளோ தகரப் பெட்டியின் அடியிலோ போட்டுவைப்பர். இதுவரை பதினொரு வீடுகளில் பெட்டியைத் திறந்து பார்த்தோம். மூன்று வீடுகளில் சீட்டுகள் கிடைத்தன. மை மங்கியிருக்கிறது; தேதி படிக்க முடிகிறது. மாணவர்கள் அவற்றை ஆண்டு வாரியாக அடுக்கி, கெட்டி முதலியின் கோட்டைப் படம் ஒட்டிய அதே குறிப்பேட்டின் பின்பக்கங்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றனர்.